அசையாத பிள்ளை

திருகோணமலை விரிகுடாவுக்கு அந்தப் பக்கம், சம்பூருக்குப் போகும் வழியில் உள்ள ஒரு முன்பள்ளியின் பின்முற்றத்தில் ஓர் ஊஞ்சல் இருந்தது. நல்ல இரும்பு ஊஞ்சல். பச்சை வண்ணம் உரியாமல் புதுசு போலவே நின்றது. அப்படி நின்றதற்குக் காரணம், அதன் சங்கிலிகளைப் பலகையோடு சேர்த்துச் சுருட்டி, மேலே தூக்கி, நீல நைலோன் கயிற்றால் குறுக்குக் கம்பியோடு இறுக்கிக் கட்டியிருந்ததுதான். பிள்ளைகள் கீழே மணலில் நின்று கோயில் மணியைப் பார்ப்பது போல அண்ணாந்து பார்ப்பார்கள்.

கட்டச் சொன்னவர் அவர். பெயர் எழுதப் போவதில்லை. மரியாதைக்காக அல்ல. எழுதினால் உடனே யாராவது "ஐயோ, அவவே? தங்கமான மனுசியெல்லோ!" என்று தொடங்கிவிடுவார்கள். திருகோணமலையில் அவரைத் தங்கம் என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர் கையால் பொன்னாடை போர்த்தப்பட்டவர்கள், அவருக்குப் போர்த்தியவர்கள். சொல்லாமல் விட்டவர்கள் எல்லோரும் ஐந்து வயதுக்குக் கீழே. அவர்களை யாரும் கேட்பதில்லை.

நான் பட்டப்படிப்பு முடித்த கையோடு, பயிலுநராக அவருக்குக் கீழே போய்ச் சேர்ந்தவள். முன்பிள்ளைப்பருவ அபிவிருத்தி என்பது எங்கள் பிரிவின் பெயர்; அதன் பொறுப்பாளர் அவர், எங்களுக்கு மேடம். ஒரு மாவட்டத்தின் பிள்ளைகளுடைய முதல் ஐந்து வயதும் என் கைக்குள் வந்துவிட்டது என்ற நினைப்பில், சாம்பல்தீவிலிருந்து ஸ்கூட்டியில் பறந்து வந்து, அலுவலகம் திறக்க முதலே வாசலில் நிற்பேன். பிள்ளையின் மூளை இந்த வயதில்தான் வேகமாக வளர்கிறது, விளையாட்டில்தான் வளர்கிறது, கேட்டுத்தான் பேச்சு வருகிறது என்று கண்டவரிடமெல்லாம் சொல்வேன். தேநீர்க்கடைக்காரரிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். அவர் "சீனி போடவா வேண்டாமா?" என்று கேட்டார்.

முதல் நாளே மேடத்திடமும் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டார். இமைகூட அசையவில்லை. கேட்டு முடித்து, என் முன்னால் மேசையில் தட்டிக்கொண்டிருந்த என் விரல்களைப் பார்த்தார். நான் நிறுத்தும்வரை பார்த்தார். பிறகு சொன்னார்:

"தங்கச்சி, அசையாமல் இருந்தா ஒண்டும் பழுதாகாது."

அன்று எனக்கு அது என் விரல்களைப் பற்றிய பேச்சாகப் பட்டது. அது அவருடைய கொள்கை முழுவதும் என்று விளங்கப் பல மாதம் பிடித்தது.

அவருடைய கதிரைக்குப் பின்னால் ஒரு கண்ணாடிக் கதவு அலுமாரி நின்றது. மரக்கட்டைகள், கைப்பாவைகள், சின்ன மேளங்கள், கோர்க்கிற மணிகள், ரப்பர் விலங்குகள், பந்துகள், படப்புதிர்கள் எல்லாம் அதற்குள் இருந்தன. யார் யாரோ முன்பள்ளிகளுக்கென்று கொடுத்தவை. எல்லாம் வந்த பொலித்தீன் உரியாமல், உயர வரிசையில். சாவி அவருடைய கைப்பையில், ஒரு துண்டுத் துணியில் சுற்றி இருக்கும். ஏன் துணி என்று ஒருநாள் கேட்டேன்.

"கிலுங்கும்," என்றார்.

எங்கள் வாகன ஓட்டுநர் நிஸாம் நானா, கிண்ணியாக்காரர். அந்த அலுமாரிக்கு 'மியூசியம்' என்று பெயர் வைத்தவர் அவர்தான். "தங்கச்சி, இன்னும் கொஞ்ச வருசத்துல டிக்கட் போட்டு வெள்ளக்காரன உள்ளுக்கு விடலாம். 'இது ஒரு காலத்துல புள்ளைகள் வெளையாடின சாமான்' எண்டு எழுதி வச்சாச் சரி."

"விளையாடினதே இல்லையே நானா."

"அப்ப இன்னும் வெல கூட."

ஒருமுறை மூதூர்ப் பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியை வந்தார். அவருடைய முன்பள்ளியில் பிள்ளைகள் சிரட்டையும் புளியங்கொட்டையும் வைத்து விளையாடுகிறார்கள், ஒரு பெட்டி மரக்கட்டை தந்தால் பெரிய உதவி என்றார். மேடம் உடனே எழும்பி அலுமாரியைத் திறந்தார். நானே ஆடிப்போனேன். பெட்டியை இரண்டு கையாலும் எடுத்து, தூசு இல்லாத இடத்தில் தூசு தட்டி, ஆசிரியையின் கையில் வைத்தார்.

"கவனமாக் கொண்டு போங்கோ. பிள்ளையளிட்டக் குடுத்துப் போடாதேங்கோ. மேசையில வச்சுக் காட்டுங்கோ."

அந்த ஆசிரியையின் முகத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. உடனே எரிச்சலும் வருகிறது. அவர் "ஓம் மேடம்" என்றுவிட்டுப் போனார். எல்லோரும் "ஓம் மேடம்" என்றுவிட்டுத்தான் போவார்கள்.

அவர் பிள்ளைகளை அடித்ததில்லை. அடித்திருந்தால் முறையிட்டிருக்கலாம். ஏசியதுமில்லை. துறைமுகப் பக்கமிருந்த ஒரு முன்பள்ளிக்குப் போனபோது, மண்ணில் விளையாடிக்கொண்டிருந்த ஒரு பொடியன் ஓடிவந்து அவருடைய சேலையைக் கட்டிப்பிடித்தான். வெளிர்நீலச் சேலையில் இரண்டு சேற்றுக் கைகள். அவர் குனிந்தார். அவனுடைய கைகளை மெல்லப் பிரித்தார். ஒன்றின் மேல் ஒன்று வைத்து அவன் நெஞ்சில் படிய அழுத்தினார். பிறகு அவனுடைய சுட்டுவிரலை எடுத்து அவனுடைய உதட்டிலேயே வைத்தார். தோய்த்து உலர்த்திய உடுப்பை மடித்து வைப்பது போலச் செய்தார். மடிப்புக் கலையாமல் அவன் அப்படியே நின்றான். நாங்கள் படலையைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன். இன்னும் நின்றான்.

வெளியே வந்து ஆசிரியையிடம், "நல்ல பிள்ளை. இனி மண்ணுக்கு விடாதேங்கோ," என்றார்.

இவ்வளவும் செய்கிறவர் கூட்டங்களில் எப்படிப் பேசுவார் தெரியுமா? உருகிவிடுவீர்கள். பிள்ளைகள்தான் இந்த மண்ணின் நாளை, ஒரு பிள்ளையின் சிரிப்பில்தான் ஒரு சமூகத்தின் உயரம் தெரியும் என்று ஒற்றைத் தாள் பார்க்காமல் அரை மணிநேரம் பேசுவார். குரல் ஏறி இறங்கும். கைகள் மட்டும் மேசையில் வைத்தது வைத்தபடி. நான் முதல் கூட்டத்தில் எழும்பி நின்று கைதட்டினேன். வெட்கத்தோடுதான் எழுதுகிறேன், என் கண் கலங்கிவிட்டது. இரண்டாவது கூட்டத்திலும் அதே சிரிப்பு, அதே உயரம், அதே இடத்தில் அதே பெருமூச்சு. அந்தப் பேச்சும் அலுமாரிச் சாமான்தான். வருகிறவர்களுக்குக் காட்டிவிட்டுத் திரும்பப் பூட்டிவைப்பார்.

இப்போது அக்சயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அந்தக் கட்டிய ஊஞ்சல் இருந்த முன்பள்ளியில்தான் அவள் படித்தாள். நாலு வயது. இரட்டைப் பின்னல், பெரிய கண்கள். தகப்பன் கடலுக்குப் போகிறவர். அந்தக் கிராமம் முழுவதும் யுத்தத்தில் எழும்பிப் போய், வருடக்கணக்காக முகாம்களில் கிடந்து, திரும்பி வந்து குடியேறியவர்கள். மேடம் அந்த முன்பள்ளிக்குப் போனால் முதலில் அக்சயாவைத்தான் தேடுவார். மற்றப் பிள்ளைகள் கசமுசவென்று திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். வெளியில் ஒரு டிராக்டர் போனால் எல்லாத் தலையும் அந்தப் பக்கம் போகும். அக்சயாவின் தலை மட்டும் போகாது. நேரே பார்த்துக்கொண்டிருப்பாள். டீச்சர் உதட்டில் விரல் வைத்தால் முதலாவதாக வைப்பாள். டீச்சர் எடுத்தால் கடைசியாக எடுப்பாள்.

"இதுதான் பிள்ளை," என்பார் மேடம் மற்ற ஆசிரியைகளிடம். "பாருங்கோ. அசைவு இருக்கோ?"

வருட முடிவில் அவளுக்கு ஒழுக்கத்துக்கான முதற்பரிசு. மேடம்தான் கொடுத்தார். ஒரு பொம்மை, கண்ணாடித்தாள் சுற்றிய பெட்டியில். தாய் அதைச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்தா. வீட்டுக்குப் போனபோது நானே பார்த்தேன்.

நான் வீட்டுக்குப் போனது ஒரு சந்தேகத்தில். பிள்ளைகளோடு பாட்டுப் பாடும்போது அக்சயாவின் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. நான் முதுகுக்குப் பின்னால் நின்று பெயரைக் கூப்பிட்டேன். பிறகு கொஞ்சம் பலமாகக் கூப்பிட்டேன். பக்கத்துப் பிள்ளை அவளைத் தட்டிய பிறகுதான் திரும்பினாள். திரும்பி, என் முகத்தைப் பார்த்ததும் அழகாகச் சிரித்தாள்.

குசினிக்குள் மீன் வெட்டிக்கொண்டிருந்த தாய் கத்தியைக் கீழே வைக்காமலேயே நான் சொன்னதைக் கேட்டா.

"கூப்பிட்டாத் திரும்பிறா இல்லைத்தான் மிஸ். வாயில வாறதும் ரெண்டு மூண்டு சொல்லுத்தான். மாமி சொல்லுறா, தகப்பனும் பிந்தித்தானாம் கதைச்சவர்."

"யாருக்கும் காட்டினீங்களா அக்கா?"

"மிட்வைஃப் மிஸ் ஒருக்கா டவுனுக்குக் கொண்டு போய்க் காதைக் காட்டச் சொன்னவ. போகத்தான் வெளிக்கிட்டனாங்கள். அந்தக் கிழமைதான் மேடம் பரிசு குடுத்தவ." கத்தி நின்றது. "அவ்வளவு படிச்ச மனுசி. எத்தினை பிள்ளையளைக் கண்டவ. அவ இதுதான் நல்ல பிள்ளை எண்டு மேடையில வச்சுச் சொன்னாப் பிறகு, நாங்கள் போய்ப் பிள்ளைக்குக் குறை இருக்கோ எண்டு கேக்கிறதே?"

"அக்கா, பரிசு வேற, காது வேற."

"உங்களுக்கு அப்பிடி. குறைப்பிள்ளை எண்டு ஊரில ஒரு கதை வந்துதெண்டா, பெரிய பள்ளிக்கூடத்தில சேர்ப்பினமோ? ஆரும் கிட்ட வருவினமோ? மேடம் ஒரு சொல்லுச் சொன்னா நாளைக்கே கொண்டு போறன் மிஸ்."

அந்த ஒரு சொல்லைத் தேடித்தான் நான் திரும்பி வந்தேன். அது அவ்வளவு பெரிய காரியமும் அல்ல. பிள்ளைகளின் காதைப் பரிசோதிக்கும் ஒரு மருத்துவக் குழு அந்த வருடம் எங்கள் பக்கம் வர இருந்தது. எந்தப் பகுதி தேவை என்று கேட்கிறதோ அந்தப் பகுதிக்குத்தான் வரும். கேட்க வேண்டியவர் மேடம். அதைவிட, எங்கள் மியூசியத்தின் மேல்தட்டிலேயே ஒரு பெட்டி இருந்தது: ஒரு பித்தளை மணி, ஒரு கிலுகிலுப்பை, சின்னக் கட்டைகள், படமட்டைகள். பின்னால் நின்று மணியை அடித்தால் பிள்ளை திரும்புகிறதா என்று பார்ப்பதற்கு. முன்பள்ளி முன்பள்ளியாகக் கொண்டுபோய்ப் பார்ப்பதற்கென்றே வந்தது. உரியாத பொலித்தீனுக்குள் அந்த மணி மினுங்கிக்கொண்டு இருந்தது.

"மேடம், அக்சயாவுக்குக் காது கேட்கேல்ல எண்டு நினைக்கிறன்."

"ஆர், என்ர அக்சயாவோ?" சிரித்தார். உண்மையான, அன்பான சிரிப்பு. அதுதான் என்னைக் கொன்றது. "அவ அடக்கமான பிள்ளை. உமக்குத் துள்ளுற பிள்ளையளைத்தான் பிடிக்கும்."

"ஒருக்கா அந்தப் பெட்டியைத் தந்தீங்கள் எண்டால்..."

"மேலிடத்து விசிட்டுக்கு வேணும். அதுக்கு முதல் பிரிச்சாப் பழசாப் போயிடும்."

"அந்த மருத்துவக் குழுவையாவது கேட்போம் மேடம். எல்லா முன்பள்ளியும் பார்க்கட்டும். இதை ஒரு வருடாந்த ஒழுங்காகவே கொண்டு வரலாம். நான் எழுதிக்கொண்டு வந்தனான்."

அவர் என் தாள்களை வாங்கினார். ஓரங்களைத் தட்டி நேராக்கினார். பொலித்தீன் உறை ஒன்றுக்குள் போட்டார். அலுமாரியைத் திறந்தார்.

"எங்களிட்ட அப்பிடிப் பிள்ளையள் இல்லைத் தங்கச்சி," என்றார், பூட்டிக்கொண்டே.

அன்று பின்னேரம் ஒரு முன்பள்ளிக்குப் போய்த் திரும்பும்போது வாகனத்துக்குள் நான் கத்தித் தீர்த்தேன். கிண்ணியாப் பாலம் தாண்டியதும் நிஸாம் நானா வேகத்தைக் குறைத்தார். பிறகு சொன்னார்:

"அவவ எனக்கு முந்தியே தெரியும் தங்கச்சி. பிரச்சின நேரம் அவ சின்ன வயசு டீச்சர். ஷெல் அடிக்கக்குள்ள முன்பள்ளிப் புள்ளைகள பங்கருக்குள்ள வச்சிருந்தவ. சத்தம் போடாம, அசையாம. பகல் முழுக்க. ஒரு புள்ளைட உசிரும் போகல்ல. எல்லாத்தையும் உம்மாமார்ட கையில திருப்பிக் குடுத்தவ. அண்டைக்கி அவ இல்லாட்டி அந்தப் புள்ளைகள் இல்ல."

வெளியில் தண்ணீர் வெயிலில் தகடாகக் கிடந்தது.

இதைக் கேட்பவர்கள் இந்த இடத்தில் அவரை மன்னித்துவிடுகிறார்கள். நான் மன்னிக்கவில்லை. அந்தப் பங்கரில் அவர் செய்தது பெரிய காரியம். அதற்குத் தலை வணங்குகிறேன். ஆனால் ஷெல் நின்றுவிட்டது. அந்தப் பிள்ளைகள் வளர்ந்து, கலியாணம் கட்டி, அவர்களுடைய பிள்ளைகளும் முன்பள்ளிக்கு வந்துவிட்டார்கள். இவர் மட்டும் இன்னும் மேலே வராமல், ஒரு மாவட்டத்துப் பிள்ளைகளை ஒவ்வொன்றாகக் கையைப் பிடித்துக் கீழே இறக்கிக்கொண்டிருந்தார். தனக்குப் பயம் என்று சொல்லியிருந்தால் கட்டிப்பிடித்து அழுதிருப்பேன். ஒழுக்கம் என்று சொன்னார்.

விசிட் வந்தது. மாகாணத்திலிருந்தும் கொழும்பிலிருந்தும் ஒரு குழு. தலைவர் ஒரு பெரிய மனிதர். கூட ஒரு பெண் வைத்தியர், சிங்களவர், யோசித்து யோசித்துத் தமிழ் பேசுவார். காது பரிசோதிக்கும் குழு எங்கள் பகுதிக்கு வேண்டுமா வேண்டாமா என்பதை அன்று அவர்கள் பார்த்துத் தீர்மானிப்பதாக இருந்தது. எந்த முன்பள்ளியைக் காட்டுவது? அக்சயாவின் முன்பள்ளியைத்தான். மேடத்தின் மிகச் சிறந்த அலுமாரி அது.

அதற்கு முந்திய கிழமை முழுவதும் ஒத்திகை. மேடமே நேரில் நின்றார். கை நெஞ்சில், விரல் உதட்டில், கண் நேரே. "பின்னுக்கு என்ன சத்தம் கேட்டாலும் திரும்பப்படாது. திரும்பினா ஆர்?"

"கூடாத பிள்ளை!" என்று எல்லாரும் கத்தினார்கள். ஒருத்தி தவிர.

நான் அப்போதும் சொன்னேன், மேடம், மணிச் சத்தத்துக்குப் பிள்ளை திரும்ப வேண்டும், அதற்குத்தான் மணி என்று. அவர் பெட்டியோடு வந்த விளக்கத்தாளைப் படித்திருக்கவில்லை. படிக்க வேண்டுமானால் பொலித்தீனைப் பிரிக்க வேண்டும். "சத்தத்துக்குத் திரும்பாம இருக்கிறதுதான் தங்கச்சி கஷ்டம். திரும்பிறது எந்தப் பிள்ளைக்கும் ஏலும்," என்றார்.

அன்று காலை பிள்ளைகள் வரிசையாக, பின்முற்றத்துக்கு முதுகு காட்டி, சின்னக் கதிரைகளில். அரைச்சுவருக்கு அப்பால் அந்த ஊஞ்சல். தாய்மார் குசினிப் பக்கத்தில் கஞ்சியோடு. மேடம் எல்லோர் முன்னாலும் பெட்டியைப் பிரித்தார். பொலித்தீன் கிழிந்த சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. மணியை எடுத்துக்கொண்டு பிள்ளைகளுக்குப் பின்னால் போய் நின்று அடித்தார்.

டணங் டணங்.

ஒரு தலைகூடத் திரும்பவில்லை. ஒரு பொடியனுக்குத் தோள் துள்ளியது. இன்னொருத்தியின் கண் ஓரத்துக்குப் போய் ஓடிவந்தது. அவ்வளவுதான். மேடம் இன்னொருமுறை, காதுக்குக் கிட்டவே அடித்தார். பெருமையோடு குழுவைப் பார்த்தார்.

தலைவர் கைதட்டினார். "அருமையான ஒழுக்கம். இப்படி ஒரு முன்பள்ளியை நான் காணவே இல்லை."

வைத்தியர் தட்டவில்லை. "பிள்ளைகள் ஏன்... திரும்பிப் பார்க்கல்ல?"

"பழக்கி வச்சிருக்கிறம் டொக்டர்."

"அப்ப யாருக்குக் கேட்குது, யாருக்குக் கேட்கல்ல? எப்படித் தெரியும்?"

"எல்லாருக்கும் கேட்குது. எங்களிட்ட அப்பிடிப் பிள்ளையள் இல்லை."

தலைவர் மணிக்கூட்டைப் பார்த்தார். அப்படியென்றால் அந்தக் குழுவை வேறு மாவட்டத்துக்கு அனுப்பலாம், தேவையானவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள் என்றார். வைத்தியர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கதிரைகள் நகரத் தொடங்கிவிட்டன.

நான் யோசித்துச் செய்யவில்லை. எனக்கு யோசிக்க வராது, அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரியும். அரைச்சுவரைத் தாண்டிக் குதித்தேன். ஊஞ்சல் கம்பத்தில் ஏறி நீலக் கயிற்றைப் பிடித்தேன். அது வள்ளம் கட்டுகிற முடிச்சு. மேடம் சொல்லி, அந்தக் கிராமத்துத் தகப்பன்மார் போட்டது. தெரியாதவர் இழுத்தால் இன்னும் இறுகும். நான் சாம்பல்தீவில், அப்பாவின் வள்ளத்தில் அதை அவிழ்த்து வளர்ந்தவள்.

சங்கிலி முழுவதும் சடசடவென்று சரிந்து, பலகை இரும்புக் காலில் அடித்து, விசிட்டும் ஒழுக்கமும் எல்லாம் அதிரும்படி ஒரு சத்தம். பிறகு எண்ணெய் காணாத வளையம் கிறீச், கிறீச் என்று ஆடியது.

எல்லாத் தலையும் திரும்பியது. பிறகு ஒரு பொடியன் "டேய், ஊஞ்சல்!" என்று கத்தினான். கதிரைகள் உருண்டன. அரைச்சுவரில் ஏறி, வாசலால் பிதுங்கி, ஒருவர் மேல் ஒருவர் விழுந்து ஓடிவந்தார்கள்.

அக்சயா இருந்தாள். காலியான கதிரைகளுக்கு நடுவில், தனியே, எங்களுக்கு முதுகு காட்டி, உதட்டில் விரலோடு, நேரே பார்த்தபடி. பின்னால் உலகம் கவிழ்ந்து கிடந்தது. அந்த இரட்டைப் பின்னல் அசையவில்லை.

மேடம் அவளிடம் போனார். தலையில் கை வைத்தார். "பாருங்கோ," என்றார் குழுவிடம். குரலில் பெருமை குறையவில்லை. "இவ ஒருத்தியாவது இருக்கிறா."

குசினி வாசலில் ஒரு சட்டி விழுந்தது. அக்சயாவின் தாய். கஞ்சி காலில் கொட்டியதுகூடத் தெரியாமல் நின்றா. நான் வீட்டுக் குசினிக்குள் சொன்னபோது நம்பாததை இப்போது கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றா. "அக்சயா," என்றா. பிறகு, "அக்சயா!" பிறகு ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு கூக்குரல். பிள்ளை திரும்பவில்லை.

வைத்தியர் போய் அவள் முன்னால் மண்டியிட்டு, அந்த விரலை மெல்ல உதட்டிலிருந்து எடுத்துவிட்டார்.

அந்த அமளிக்குள் மேடம் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்.

"கயிற்றை அவிழ்த்தது ஆர்?"

பின்னாலே நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காது பரிசோதிக்கும் குழு வந்தது. எல்லா முன்பள்ளிகளுக்கும் போனது. இப்போது அது வருடா வருடம் நடக்கிற ஒழுங்கு. அப்படி ஆக்கியது தன்னுடைய விடாமுயற்சி என்று மேடம் கூட்டங்களில் சொல்கிறார், கைகளை அசைக்காமல். எனக்கு வேறு பிரிவுக்கு மாற்றம் வந்தது. மேடம் பதவி உயர்வில் போன அன்று அலுமாரியை ஒப்படைத்தார். ஒன்றும் காணாமல் போகவில்லை. எடுத்துப் பார்த்த நிஸாம் நானா சொன்னார்: ரப்பர் விலங்குகள் உருகி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. பந்துகள் கையில் பொடிந்தன. கடற்காற்று பொலித்தீனுக்குள்ளும் போகும்.

கடைசியாக அவரைக் கண்டது போன வருடம், அதே முன்பள்ளியின் விளையாட்டு விழாவில். அவர் பிரதம விருந்தினர். கழுத்தில் மாலையோடு வாகனத்தால் இறங்கினார். நான் லீவு போட்டுவிட்டுப் போயிருந்தேன். அக்சயாவும் வந்திருந்தாள். இப்போது பெரிய பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். இரண்டு காதுக்குப் பின்னாலும் கருவி. வைத்தியர் தாயிடம் ஒளிக்காமல் சொல்லியிருந்தார், முன்னமே கொண்டு வந்திருந்தால் பேச்சு இன்னும் தெளிவாக வந்திருக்கும் என்று. பாதிச் சொற்கள் விழுங்கப்படும். ஆனால் வாய் மூடாது. ஊஞ்சலில் நின்றுகொண்டு ஆடினாள். வண்ணமெல்லாம் உரிந்த ஊஞ்சல். தாய் பின்னால் நின்று தள்ள, அவள் "இன்னு! இன்னு!" என்று கத்தியது ஒலிபெருக்கியையும் மீறிக் கேட்டது. பின்னல் ஒன்று அவிழ்ந்து முகத்தில் அடித்தது.

மேடம் மேடைக்குப் போகிற வழியில் நின்றார். உற்றுப் பார்த்தார். அடையாளம் கண்டார். அவருடைய முகத்தில் வந்தது கோபமல்ல, துக்கம். சத்தியமாகத் துக்கம். ஆசையாக வைத்திருந்த ஒரு கண்ணாடிப் பாத்திரத்தை வேறு யாரோ உடைத்துவிட்டது போல.

"எப்பிடி இருந்த பிள்ளை," என்றார் தாயிடம். "பழுதாக்கிப் போட்டியள்."

தாய் ஊஞ்சலை நிறுத்தவில்லை. வந்த பலகையைக் கையால் ஏந்தி, இன்னும் உயரத் தள்ளிவிட்டு, மாலையோடு நிற்கிற அந்த மனுசியைத் திரும்பிப் பார்த்தா.

"ஓம் மேடம்," என்றா. "இனித் திருத்த ஏலாது."